மணம்: இயல்பு

முட்டம் துறைமுகம், அதிகாலை மூன்றே முக்கால்.
ஐஸ் உடைக்கும் எந்திரம் இருமுகிறது.
இறால் கூடைகளுக்கு முன்னால் குந்தியிருக்கிறேன்,
கம்பெனி தந்த வெள்ளைக் கோட்டோடும்
மூன்று வருடமாய் ஒன்றும் அறியாத மூக்கோடும்.

என் வேலை மணந்து பார்ப்பது.
படிவத்தில் அதற்கொரு கட்டம் உண்டு.
அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு
நாற்பது நாளில் திரும்பும் என்றார் நாகர்கோவில் டாக்டர்.
காப்பித்தூள், மண்ணெண்ணெய், மகளின் உச்சந்தலை,
எல்லாம் இன்னும் ஒரே வெள்ளைத்தாள்.

யாரிடமும் சொல்லவில்லை.
கூடையை முகத்துக்குத் தூக்குவேன், மூச்சை இழுப்பேன்,
ஒரு கணம் கண்ணை மூடுவேன்.
நடிப்புக்கு அது முக்கியம்.
பிறகு திறந்து, அந்தக் கண்ணாலேயே பிழைப்பேன்:
அயலையின் செகிள் ரத்தச் சிவப்பா, செங்கல் சிவப்பா,
சாளையின் விழி புடைத்ததா, குழிந்ததா,
இறால் தலையில் கருப்பு ஏறிவிட்டதா.
எழுதுவேன், மணம்: இயல்பு.

இன்று இரண்டு கூடைக்கு நடுவே போனில் படித்தேன்.
நூற்றிருபத்து நான்கு ஒளியாண்டுக்கு அப்பால்,
சிம்மத்தின் திசையில்,
வெறுங்கண்ணுக்குத் தட்டாத சிவந்த சின்ன நட்சத்திரம்.
அதன் முகத்தை ஒரு கோள்
முப்பத்து மூன்று நாளுக்கொருமுறை கடக்கிறது.
கோளின் காற்றோரத்தில் நனைந்து வரும் வெளிச்சத்தில்
நாம் காணாத சில நிறங்கள் குறைகின்றனவாம்.
குறைந்த இடத்தை வைத்து ஒரு வாயுவின் பெயர் சொல்கிறார்கள்:
கந்தகம் கலந்தது,
இங்கே கடலின் நுண்பாசி செத்தும் தின்னப்பட்டும் விடுவது.
எளிதாகச் சொன்னால்
கடப்புறத்து மணம்.

சிரித்துவிட்டேன்.
அங்கே ஒரு மூக்கும் போகவில்லை.
செகிள் பார்த்து எழுதுகிறார்கள்,
என்னைப் போல.

அடுத்த பத்தியிலேயே சண்டை.
இன்னொரு கூட்டம் அதே வெளிச்சத்தை வேறு சல்லடையில் சலித்து
வெறும் இரைச்சல் என்கிறது.
உயிரே இல்லாத வால்மீன் ஒன்றிலும்
அதே வாயு கிடைத்திருக்கிறதாம்.
மணம் இருந்தால் கடல் இருக்கும் என்பதில்லை,
கடல் இருந்தால் மீன் இருக்கும் என்பதுமில்லை.
இதை எங்களூர் விசைப்படகு டிரைவர் எவனும் சொல்வான்,
டீசல் கடன் கணக்கோடு.

குன்றின் மேல் கலங்கரை விளக்கம்.
அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பிய வருடத்திலும்
இது இங்கே எரிந்திருக்கும்.
கடலில் கிடப்பவனுக்கு அது விளக்கல்ல, எண்ணிக்கை.
இத்தனை நொடிக்கொரு மின்னல் என்றால் முட்டம்,
வேறென்றால் வேறூர்.
ஊரில் ஆள் விழித்திருக்கிறதா என்பதை மட்டும்
அது சொல்லாது.

கண் என்ற ஒன்று முளைக்க வெகுகாலம் முன்பே
உப்புநீரில் ஒற்றைச் செல் ஒன்று
எது இரை எது நஞ்சு என்று தடவி அறிந்ததாம்.
முகர்தலின் முதல் எழுத்து அதுதான்.
என்னில் அணைந்தது அவ்வளவு பழைய கனல்.

போன மாதம் ஒரு லோடு தூத்துக்குடியிலிருந்து திரும்பி வந்தது.
அமோனியா.
என் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மை.
பழி ஐஸ் லாரிக்காரன் மேல் விழுந்தது.
அவன் பெயர் டார்வின்.
இந்தப் பக்கம் தெருவுக்கொருவன் உண்டு அந்தப் பெயரில்.
நான் வாயைத் திறக்கவில்லை.
இப்போது வேறு யாரோ லாரி ஓட்டுகிறார்கள்.

மீண்டும் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தச் செய்தி முடிகிறது.
இன்னும் பல மணி நேரம் தொலைநோக்கி வேண்டுமாம்.
தெரியவில்லை என்று அச்சில் போட
அவர்களுக்குக் கூச்சமில்லை.

நாலேகால்.
ஏலம் கூறும் சகாய ஜெனிபா வந்து நிற்கிறாள்.
"சார், மணந்து பாத்தீளா?"
கூடை என் முகத்துக்குப் பாதிவழியில் இருந்தது.
"எனக்கு மணம் தெரியாம ஆயி மூணு வருசம்.
நீ பாத்துச் சொல்லு."

என்னைப் பார்த்தாள். கூடையைப் பார்த்தாள்.
குனிந்தாள்.
ஐஸ் எந்திரம் எப்போதோ நின்றிருந்தது.
உடனே அவள் ஒன்றும் சொல்லவில்லை.